சிறிய டிராவல் டிரெய்லரின் (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) பழைய கூரை ஃபேனை எடுத்துவிட்டுப் பெரியது போட முடியுமா? எது போடலாம், எப்படிப் போடுவது?

கேட்டவரிடம் இருப்பது 16 அடி டிரெய்லர், ரப்பர் கூரை. நடுவில் கையால் சுற்றித் திறக்கும் பிளாஸ்டிக் மூடி, அதற்குள் 6 இன்ச் ஃபேன். சத்தம் வருகிறதே தவிர காற்று நகர்வதில்லை, ஏசி இல்லாமல் இரவைக் கழிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்கிறார். வண்டி அமெரிக்காவில் ஓடுவதால் அங்கே கிடைக்கும் பொருட்களை வைத்தே சொல்கிறேன்.

முடியும். நிதானமாகச் செய்தால் ஒரு பகல் வேலை. பெயர்தான் ஃபேன் மாற்றும் வேலை. நேரத்தில் முக்கால்வாசி கூரையைச் சுரண்டுவதிலும் அடைப்பதிலும் போய்விடும். வயர் இரண்டே இரண்டுதான். ஃபேன் ஓடாவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும். கூரை ஒழுகினால் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம், அதற்குள் மரம் மக்கியிருக்கும்.

வட அமெரிக்க டிரெய்லர்களில் கூரை வென்ட் (காற்றுப்போக்கி) துளை ஏறக்குறைய எப்போதும் 14க்கு 14 இன்ச்தான். அதனால் கூரையை வெட்டிப் பெரிதாக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. ஆனாலும் ஃபேன் வாங்கும் முன் உள்ளே இருக்கும் அலங்காரச் சட்டத்தைக் கழற்றி அளந்து பாருங்கள். சில வண்டிகளில் மரச்சட்டம் சற்று உள்வாங்கி 13¾ இன்ச் வரை குறுகியிருக்கும். அங்கே ஒரு ஓரத்தைக் கொஞ்சம் இழைக்க வேண்டும். கூடவே கூரையின் தடிமனையும் குறித்துக்கொள்ளுங்கள். உள் சட்டத்தின் உயரத்தை அதற்கேற்ப அறுக்க அந்த அளவு வேண்டும்.

எதை வாங்குவது? மூன்று வழி உண்டு.

முதலாவது, பழைய வென்ட்டைத் தொடாமல் உள்ளிருந்தே பொருத்தும் கிட். ஹெங்ஸ் நிறுவனத்தின் வோர்டெக்ஸ் இந்த வகை. கூரைமேல் ஏற வேண்டாம், சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) வேண்டாம், பழைய வயரையே இணைத்துவிடலாம். பழைய வென்ட் ஒழுகாமல், மூடி விரிசல் இல்லாமல் இருந்தால் மட்டும் இதை யோசியுங்கள். மூடி வெயிலில் நொறுங்கத் தொடங்கிய வண்டிக்கு இது பாதி வேலை.

இரண்டாவது, டொமெடிக் இப்போது விற்கும் ஃபேன்டாஸ்டிக். 12 இன்ச் இறக்கை, நிமிடத்துக்கு 900 கன அடி அளவில் காற்று. இறக்கையின் விட்டம் 6 இன்ச்சிலிருந்து 12 ஆனால் பரப்பு நான்கு மடங்கு என்பதை நினைவில் வைத்தால் பழைய ஃபேன் ஏன் வெறும் சத்தமாக இருந்தது என்று புரியும். சாதாரண மாடலில் குறை ஒன்றுதான்: மழை வந்தால் மூடிவிட வேண்டும். மழை சென்சார் வைத்த மாடல்கள் தானாக மூடும். ஆனால் சென்சாரில் அதிகாலைப் பனி படிந்தாலும் மழை என்று நினைத்து மூடிக்கொள்ளும்.

மூன்றாவது மேக்ஸ்ஃபேன் டீலக்ஸ். மூடியே மழைத்தடுப்பாகவும் அமைந்திருப்பதால் மழையிலும் திறந்து வைத்து ஓட்டலாம். பத்து வேகம், உள்ளிழுக்கவும் வெளித்தள்ளவும் முடியும். மூடியை அடைத்துவிட்டு உள்ளேயே காற்றைச் சுழற்றும் வசதியும் உண்டு. விலை கூடுதல்தான், ஆனாலும் படுத்துத் தூங்கும் ஃபேன் என்றால் என் ஓட்டு இதற்கே. மழை இரவில் எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு ஃபேனையும் நிறுத்தினால் சிறிய டிரெய்லருக்குள் சுவரெல்லாம் வியர்த்துவிடும்.

பேட்டரிக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. சிறிய டிரெய்லரில் இருப்பது பொதுவாக குரூப் 24 அளவு லெட் ஆசிட் பேட்டரி ஒன்று, சுமார் 80 ஆம்ப் அவர் (மணிக்கணக்கில் எத்தனை ஆம்ப் தரும் என்ற கொள்ளளவு). அதில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக கையில் 40. முழு வேகத்தில் 4 ஆம்ப் இழுக்கும் ஃபேன் 10 மணி நேரத்தில் அத்தனையையும் தின்றுவிடும். ஃபேன் இழுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். வேகம் பாதியானால் தேவை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. எலக்ட்ரானிக் முறையில் வேகம் குறைக்கும் பத்து வேக மாடலில் இந்த லாபம் அப்படியே கிடைக்கும். தணிந்த வேகத்தில் அரை ஆம்ப் இழுத்தால் ஓர் இரவுக்கு 5 ஆம்ப் அவர்தான். பழைய மூன்று வேக மாடல்கள் ரெசிஸ்டர் வைத்து வேகம் குறைப்பவை. அவற்றில் குறைந்த வேகத்திலும் 2 ஆம்புக்குப் பக்கத்தில் போகும், மிச்சம் வெறும் சூடாக வீணாகும்.

வாங்க வேண்டிய மற்றவை: 1 இன்ச் அகலம், 1/8 இன்ச் தடிமன் கொண்ட பியூட்டைல் டேப், அதாவது பிசுபிசுப்பான அடைப்பு நாடா, ஒரு ரோல் (ஃப்ளேஞ்சை, அதாவது கூரைமேல் படியும் ஃபேனின் விளிம்புச் சட்டத்தை, ஒருமுறை சுற்றிவர ஆறு அடி போதும், மீதி எப்படியும் உதவும்). டைகார் செல்ஃப் லெவலிங் லேப் சீலன்ட் இரண்டு குழாய். வெப்பத்தில் சுருங்கும் பட் கனெக்டர் (இரு வயர் முனைகளை இணைக்கும் குழல்), ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, ஐசோபுரோபைல் ஆல்கஹால், பிளாஸ்டிக் சுரண்டி, மல்டிமீட்டர். சிலிக்கோன் மட்டும் வேண்டவே வேண்டாம். ரப்பர் கூரையில் அது சரியாகப் பிடிக்காது. போதாக்குறைக்கு அது பட்ட இடத்தில் பிறகு வேறெந்த சீலன்ட்டும் ஒட்டாது. ரப்பர் கூரையைப் பெட்ரோல் வகைக் கரைப்பான்களால் துடைப்பதும் கூடாது, ரப்பர் ஊதிப் புடைத்துக்கொள்ளும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். வெளி மின் இணைப்பையும் பிடுங்குங்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும், வெளி மின்சாரத்தை மாற்றித் தரும் கன்வர்ட்டர் 12 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கூரையில் ஏறுவதானால் கால் வைக்கும் இடத்தில் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு, குறுக்குச் சட்டங்கள் மேல் பாரம் விழும்படி இருங்கள். மெல்லிய கூரை என்றால் ஏறவே வேண்டாம், ஏணியில் நின்று எட்டுங்கள். பழைய வென்ட்டை எடுத்ததும் 14 இன்ச் துளை வழியாகத் தலையையும் கையையும் நீட்டி உள்ளிருந்தே கொஞ்சம் வேலை பார்க்கலாம்.

பழைய சீலன்ட்டைச் சுரண்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். வெயில் ஏறிய நேரத்தில் செய்தால் இளகி வரும், இல்லாவிட்டால் ஹீட் கன்னை மிகக் குறைந்த சூட்டில் காட்டலாம். இரும்புக் கத்தி ரப்பரைக் கிழிக்கும், பிளாஸ்டிக்கே போதும். ஸ்க்ரூ தலைகள் தெரிந்ததும் கழற்றி, ஃப்ளேஞ்சை ஒரு மூலையிலிருந்து மெதுவாக நெம்பி எடுங்கள். ஃப்ளேஞ்ச் உட்காரும் இடம் முற்றிலும் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்கு வெளியே உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய லேப் சீலன்ட்டை விட்டுவிடலாம், புதியது அதன்மேல் பிடிக்கும்.

இப்போது துளையின் நான்கு ஓரத்து மரத்தையும் கூரான முனையால் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை நின்றுவிடும், மக்கியதில் உள்ளே போகும். கறுத்து ஈரமாக இருந்தால் அன்றைக்கே மூட அவசரப்படாதீர்கள். காயவிட்டு, மக்கிய பகுதியை வெட்டி, புதிய சட்டம் வைத்த பிறகே ஃபேன். ஸ்க்ரூ பிடிக்க மரமில்லாத கூரையில் எந்த சீலன்ட்டும் நெடுநாள் தாங்காது.

ஸ்கேம்ப், கசீட்டா போன்ற ஃபைபர்கிளாஸ் முட்டை வடிவ வண்டிகளுக்கு ஒரு குறிப்பு. ஓடு மெல்லியது, ஸ்க்ரூவுக்குப் பிடிமானம் கிடையாது. துளையைச் சுற்றி உள்பக்கம் மரச்சட்டம் வைத்து அதில் முடுக்க வேண்டும். கூரை வளைந்திருப்பதால் ஃப்ளேஞ்சின் சில ஓரங்கள் தூக்கி நிற்கும்; அங்கே பியூட்டைல் டேப்பை இரட்டையாகப் போட்டு இடைவெளியை நிரப்புங்கள். ஸ்க்ரூவை முடுக்கி ஃப்ளேஞ்சை வளைத்து இறக்கப் பார்த்தால் சதுரம் கோணிவிடும், ஃபேன் அதற்குள் உட்காராது.

அந்தக் கோணல் பிரச்சினை தட்டைக் கூரையிலும் வரும். மேக்ஸ்ஃபேனில் ஃப்ளேஞ்ச் தனி, ஃபேன் தனி. ஃப்ளேஞ்சைக் கூரையில் பொருத்திய பிறகு ஃபேனை மேலிருந்து இறக்கி, பக்கவாட்டில் நான்கு ஸ்க்ரூவால் பிடிக்க வேண்டும். ஃப்ளேஞ்ச் கொஞ்சம் கோணினாலும் அந்த நான்கு துளைகள் நேர்ப்படாது. எனவே சீலன்ட் எதுவும் இல்லாமல் முதலில் ஒருமுறை எல்லாவற்றையும் வைத்துப் பாருங்கள். மூடி திறக்கும் பக்கம் வண்டியின் பின்புறம் நோக்கி இருக்க வேண்டும். திறப்பு முன்பக்கம் பார்த்தால் ஓட்டத்தின் காற்று மூடியைப் பெயர்த்துவிடும். பக்கத்தில் சோலார் பேனலோ ஏசியோ இருந்தால் மூடி முழுதாகத் திறக்க இடமிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பிறகு ஃப்ளேஞ்சின் அடியில் பியூட்டைல் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டி, டேப்பின் இரு முனைகளும் சேரும் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றி அழுத்துங்கள். அந்தச் சேர்க்கை கூரைச் சரிவின் கீழ்ப்பக்கம் வரட்டும். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, பாதிப் பாதியாக முடுக்குங்கள். டேப் ஓரங்களில் சீராகப் பிதுங்கினால் நிறுத்திவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை லேசாக முடுக்கினால் நல்லது, டேப் அதற்குள் அமுங்கியிருக்கும். பிதுங்கியதை வெட்டி எடுத்துவிட்டு, ஆல்கஹாலால் துடைத்து, ஃப்ளேஞ்ச் ஓரத்திலும் ஒவ்வொரு ஸ்க்ரூ தலைமேலும் லேப் சீலன்ட்டைத் தாராளமாக ஊற்றுங்கள். அது தானே பரவிச் சமமாகும், விரலால் தேய்க்க வேண்டாம். சரிவான இடத்தில் இது வழிந்தோடும். அங்கே வழியாத வகை சீலன்ட்டைப் போடுங்கள். மேலே தோல் சீக்கிரம் பிடித்துவிட்டாலும் முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும்.

வயர் வேலையில் ஏமாற்றும் இடம் ஒன்றே ஒன்று. நம்மூர்ப் பழக்கத்திலும் கார்களிலும் கறுப்பு என்றால் நெகடிவ் என்றே கை போகும். அமெரிக்க டிரெய்லர்களின் 12 வோல்ட் வயரிங்கில் பொதுவாகக் கறுப்புதான் பாசிடிவ், வெள்ளை நெகடிவ். முந்தைய உரிமையாளர் வேறு நிறத்தில் இழுத்திருக்கவும் கூடும். ஆகவே நிறத்தை நம்பாமல், மின்சாரத்தை ஒரு நிமிடம் திரும்பக் கொடுத்து மல்டிமீட்டரால் பார்த்துக் குறித்துக்கொண்டு, மறுபடி நிறுத்திவிட்டு இணையுங்கள். வீட்டு வயரிங்கில் முறுக்கிப் போடும் தொப்பிகள் ஓடும் வண்டியின் அதிர்வில் கழன்றுவிடும். அழுத்திப் பொருத்தி, சூடு காட்டிச் சுருக்கும் பட் கனெக்டர்தான் சரி.

பழைய வயர் தாங்குமா? 16 கேஜ் வயரில் ஆயிரம் அடிக்கு 4 ஓம். ஃபியூஸ் பெட்டியிலிருந்து 15 அடி, போகவர 30 அடி என்றால் 0.12 ஓம்; 4 ஆம்பில் இழப்பு அரை வோல்ட். ஓடும். அதே வயரில் விளக்குகளும் தொங்கினால் முழு வேகத்தில் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுற்றின் ஃபியூஸ் பெரும்பாலும் 15 ஆம்பாக இருக்கும், ஃபேனுக்கு அது மிக அதிகம். ஃபேனோடு உள் ஃபியூஸ் வராவிட்டால், அதன் கையேட்டில் சொன்ன அளவில் வயரிலேயே கோக்கும் ஒரு இன்லைன் ஃபியூஸை ஃபேனுக்குப் பக்கத்திலேயே, எட்டக்கூடிய இடத்தில் போடுங்கள்.

மின்சாரம் கொடுத்தும் ஓடவில்லையா? பதறாதீர்கள். ஃபேன்டாஸ்டிக்கில் மூடி சில இன்ச் திறந்தால்தான் மோட்டார் ஓடும், அதற்கென்று ஒரு சுவிட்ச் உள்ளே இருக்கிறது. பழைய காலத்துக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் பேட்டரியை இணைக்காமல் வெளி மின்சாரத்தில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள். அவை தரும் 12 வோல்ட் சீராக இருக்காது. ஃபேன் உறுமும், எலக்ட்ரானிக் போர்டு கெட்டும் போகலாம். பேட்டரி இணைந்திருந்தால் அது அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொள்ளும்.

உள் சட்டத்தை அறுத்துப் பொருத்துவதற்கு முன், மறுநாள் தோட்டக் குழாயால் கூரைமேல் பத்து நிமிடம் தண்ணீர் விட்டு, உள்ளே மர ஓரங்களை டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள். சட்டம் போட்டுவிட்டால் சிறு கசிவு கண்ணில் படாது.

இனி ஓட்டும் முறை. 16 அடி வண்டியின் உட்புறம் ஐந்நூறு, அறுநூறு கன அடிதான். நிமிடத்துக்கு 900 கன அடி என்ற கணக்குப்படி உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஒரு நிமிடத்துக்குள் மாறிவிட வேண்டும். நடப்பில் அது ஜன்னலைப் பொறுத்தது. எல்லா ஜன்னலையும் திறந்தால் ஃபேன் தனக்கு மிக அருகில் இருக்கும் ஜன்னலிலிருந்தே இழுக்கும், படுக்கையில் ஒரு அசைவும் இராது. ஃபேனை வெளித்தள்ளும்படி வைத்து, தலைமாட்டு ஜன்னல் ஒன்றை மட்டும், முடிந்தால் நிழல் பக்கத்தில், நாலு விரல் அகலம் திறங்கள். காற்று முகத்துக்கு வரும். குறைந்த வேகமே போதும் என்பதும் அப்போது தெரியும்.

ஜன்னலே திறக்காமல் ஃபேனை வெளித்தள்ள விடக் கூடாது. புதிய ஃபேனின் இழுவை பழையதைப்போல இல்லை. வழி கிடைக்காத காற்று கேஸ் ஃபிரிட்ஜின் புகைப்பகுதி வழியாகவும் சிங்க் குழாய் வழியாகவும் உள்ளே வரப் பார்க்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா, அதன் காலாவதித் தேதி எப்போது என்று இந்த வேலையோடு சேர்த்துப் பார்த்துவிடுங்கள். கழிப்பறையிலும் இதே கதைதான்: ஃபேன் ஓடும்போது ஃப்ளஷ் செய்தால் தொட்டி வாடை மேலே ஏறும். நிறுத்திவிட்டு ஃப்ளஷ் செய்து, அரை நிமிடம் கழித்துப் போடுங்கள்.