காந்தம் காட்டினால் படலம் ஏன் தளர்கிறது? (வாசகர் கேள்வி – பதில்)

8 மி.மீ. நீளம், 50 மைக்ரான் தடிமன் கொண்ட சிலிக்கான் பட்டையில் இரும்பு-கோபால்ட்-சிலிக்கான்-போரான் படலத்தை 1 மைக்ரான் பூசி, குறுக்குவாக்கில் காந்தப்புலம் வைத்து அனீலிங் (சூடாக்கி மெல்ல ஆற்றுதல்) செய்தோம். புலம் கூடக்கூட விறைப்பு கூடும் என்று நினைத்தோம்; முதலில் குறைந்து பிறகு ஏறுகிறது. அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு எண்!
– எம்.எஸ்சி. மாணவி, காட்பாடி

குறைந்து ஏறியதில் தவறே இல்லை, அப்படித்தான் வர வேண்டும். எண் மாறுவதுதான் கோளாறு.

படலத்தை இழுக்கும்போது இரண்டு நீட்சிகள் சேருகின்றன. ஒன்று அணுப் பிணைப்புகள் நீள்வது. அதைக் காந்தப்புலம் கண்டுகொள்வதில்லை. இன்னொன்று, தகைவுக்கு (பரப்பின் மேல் விழும் விசைக்கு) இசைந்து காந்தத் திசை திரும்புவதால் வரும் உபரி நீட்சி. அதே விசைக்கு நீட்சி கூடினால் யங் குணகம் (விறைப்பின் அளவு) குறைந்ததாகவே தெரியும். இதற்குப் பெயர் டெல்டா-ஈ விளைவு.

உங்கள் படலத்தில் காந்தத் திசை குறுக்கே படுத்திருக்கிறது. புலம் இல்லாதபோது சிறு தகைவால் அதை அசைக்க முடியாது. நீளவாக்கில் புலம் கொடுத்தால் சாயத் தொடங்கும். அந்த இடைநிலையில் லேசான தகைவுக்கே ஆடும், குணகம் அடிமட்டத்துக்கு வரும். புலம் இன்னும் கூடி எல்லாம் நீளவாக்கில் கட்டுண்ட பின் ஆட இடமில்லை, குணகம் மீண்டும் ஏறுகிறது. புலத்தை இருபுறமும் ஓட்டி வரைந்தால் டபிள்யூ வடிவம் கிடைக்கும். சென்சார் செய்பவர்களுக்கு வேண்டியது அதன் சரிவுதான். அதனால்தான் ஒரு நிலையான புலம் கொடுத்து அங்கே நிறுத்துகிறார்கள்.

இனி எண்களுக்கு வருவோம். பட்டையை அதிரவிட்டு, அதன் அதிர்வெண்ணிலிருந்துதான் விறைப்பை அறிகிறோம். படலமோ, அடியில் உள்ள சிலிக்கானின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆகவே படலத்தின் குணகம் 10 சதவீதம் இறங்கினாலும் பட்டையின் அதிர்வெண் 0.27 சதவீதம்தான் இறங்கும். சுமார் 1,070 ஹெர்ட்ஸில் 3 ஹெர்ட்ஸ்கூட இல்லை. இவ்வளவு சிறிய மாற்றத்தைக் கெடுக்க என்னென்னவோ காத்திருக்கின்றன.

முதல் சந்தேகம் காந்தத் தயக்கத்தின் (முன்பு பட்ட புலத்தின் பாதிப்பு தங்கிவிடுவது) மேல். ஒவ்வொரு ஓட்டத்தையும் தெவிட்டு நிலையிலிருந்து (காந்தத் திசை முழுவதும் புலத்தின் வழியே திரும்பிவிட்ட நிலை), ஒரே திசையில் இறக்கித் தொடங்குங்கள். பாதியில் திரும்பினால் வேறு வளைகோட்டில் போய் விழுவீர்கள். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளின் (எதிரெதிரே வைத்த இரட்டைச் சுருள்) ஆரம் 10 செ.மீ., ஒவ்வொன்றிலும் 200 சுற்று என்றால் 3 ஆம்பியருக்கு 5.4 மில்லிடெஸ்லா கிடைக்கும். நிலையான மின்னோட்டம் தரும் சப்ளைதான் வேண்டும். நிலையான வோல்டேஜ் என்றால் செம்பு சூடாகி மின்தடை ஏற, புலம் மெல்ல நழுவும்.

அந்தச் சூடு பட்டைக்கும் போகும். சிலிக்கானின் அதிர்வெண் டிகிரிக்கு ஏறத்தாழ பத்து லட்சத்தில் 30 பங்கு இறங்குகிறது. 10 டிகிரி ஏறினால் 0.3 ஹெர்ட்ஸ், அதாவது உங்கள் சிக்னலில் பத்தில் ஒரு பங்கு. வேலூரின் மே மாதத்தில் ஆய்வகத்து ஏசி நின்றாலே போதும்!

நம் பகுதியில் புவிக்காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா, கிட்டத்தட்டக் கிடைமட்டமாக வடக்கு நோக்கி இருக்கும். அது நீளவாக்கில் சேராதபடி பட்டையைக் கிழக்கு மேற்காக வையுங்கள். பிடிப்பானில் எஃகுத் திருகு இருந்தால் பித்தளைக்கு மாற்றிவிடுங்கள். எல்லாம் சரியாகியும் டபிள்யூ ஒருபுறம் சாய்ந்தால் ஸ்பட்டரிங்கின்போது (அயனிகளால் உலோகத்தைத் தெறிக்கவைத்துப் படலம் பூசுவது) ஏறிய உள்தகைவைப் பாருங்கள்: ஆர்கான் அழுத்தம் குறைவென்றால் அமுக்கத் தகைவு, அதிகமென்றால் இழுவிசைத் தகைவு.

துணிக்கடை வாசலில் கத்தும் பிளாஸ்டிக் பட்டையும் இதே தத்துவமா?
– வாசகர், ஆற்காடு

அந்தத் திருட்டுத் தடுப்புப் பட்டை 58 கிலோஹெர்ட்ஸ் வகையென்றால் ஆம். உள்ளே சுமார் 37 மி.மீ. நீள உருவமற்ற (அணுக்கள் ஒழுங்கின்றி அமைந்த) உலோக நாடாவும், பக்கத்தில் ஒரு காந்தத் துண்டும் இருக்கும். வாசலில் உள்ள தூண் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு வாயை மூடிக் காது கொடுக்கும். நாடா சில மில்லிவினாடிகள் மணி போல ஒலித்துக்கொண்டிருக்கும். பில் போடும் இடத்தில் காந்தத் துண்டின் காந்தத்தை எடுத்துவிடுகிறார்கள். நாடாவின் குணகம் மாறி, அதிர்வெண் விலகி, ஒலிப்பும் மங்கும். இது மெல்லிய படலமல்ல, 25 மைக்ரான் அளவிலான நாடா. ஆனால் இயற்பியல் அதுவே.

நிக்கல் பிளேட்டிங் செய்த தகட்டிலேயே இதைப் பார்க்கலாமா?
– பிளேட்டிங் பட்டறை வைத்திருப்பவர், ராணிப்பேட்டை

மிகக் கொஞ்சம்தான் தெரியும். நிக்கல் தெவிட்டும்போது பத்து லட்சத்தில் சுமார் 35 பங்கு சுருங்குகிறது. அது போதிய அளவுதான். ஆனால் வாட்ஸ் குளியலில் (வழக்கமான நிக்கல் பிளேட்டிங் கரைசல்) படிந்த நிக்கலில் இழுவிசைத் தகைவு நிற்கும், அது டொமைன்களை (ஒரே காந்தத் திசை கொண்ட சிறு பகுதிகளை) இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வெற்றிடத்தில் அனீலிங் செய்த பிறகு அளந்து பாருங்கள்.