கிரியேட்டினின் 1.2, டி.எஸ்.ஏ பொசிட்டிவ்: அக்காவின் மாற்றுச் சிறுநீரகம் போயிட்டுதா?

இல்லை. டி.எஸ்.ஏ எண்டது, சிறுநீரகம் தந்தவரின் திசுவுக்கு எதிரா அக்காவின் உடம்பு உண்டாக்கிற எதிர்ப்பொருள். அறிக்கையில டி.கியூவுக்கு (தந்தவரின் திசு அடையாளங்களில ஒண்டு) எதிரா எம்.எப்.ஐ (எதிர்ப்பொருள் எவ்வளவு பலம் எண்டு காட்டுற எண்) 3,200 எண்டது எச்சரிக்கை, முடிவில்லை. ஆனா கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் வேலை குறைஞ்சா இரத்தத்தில ஏறுற கழிவு) 1.2தானே எண்டு ஆறுதல்படவும் ஏலாது. அது ஏறுறதுக்கு முந்தியே உள்ளுக்க சேதம் தொடங்கலாம்.

சிறுநீரகம் மாற்றக்குள்ள இல்லாத எதிர்ப்பொருள் மூண்டு வருசம் கழிச்சு வந்திருந்தா, முதல் சந்தேகம் டக்ரோலிமஸ் (உடம்பு மாற்றுச் சிறுநீரகத்தை நிராகரிக்காமத் தடுக்கிற குளிசை) குறைவில. குளிசை இடைக்கிடை தவறியிருக்கலாம், கேட்டா சிலர் சொல்லமாட்டாங்க. மிச்சக் குளிசையை எண்ணிப் பாருங்க.

டக்ரோலிமஸ் அளவு பார்க்கிற இரத்தம், நாளுக்கு ரெண்டுதரம் போடுறவருக்கு, கடைசிக் குளிசைக்கு 12 மணித்தியாலம் கழிச்சு, காலைக் குளிசைக்கு முந்தி எடுக்கவேணும். கல்முனையில விடிய பஸ் ஏறக்குள்ள போட்டுட்டு மட்டக்களப்பில ஒன்பதுக்கு இரத்தம் குடுத்தா, அளவு பொய்யா உயர்ந்து நிக்கும், குறைவு மறைஞ்சிடும். குளிசையைப் பையில கொண்டுபோய், இரத்தம் குடுத்திட்டுப் போடட்டும்.

கூடவே சிறுநீர்ப் புரதமும் பாருங்க. டி.எஸ்.ஏயைத் திருப்பிச் செய்தா அதே ஆய்வுகூடத்தில செய்யுங்க, எம்.எப்.ஐ இடத்துக்கிடம் மாறும். டொக்டர் பயொப்சி (சிறுநீரகத்தில சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கிறது) கேட்டா இழுத்தடிக்காதீங்க, நிராகரிப்பு இருக்கா எண்டு உறுதியாச் சொல்றது அதுதான்.

டக்ரோலிமஸை நீங்களாக் கூட்டவேணாம். கூடினா அதுவே சிறுநீரகத்தைக் கெடுக்கும்.