டிராயிங்கில் பெயர் இல்லாத ஆர்டர்: எடுக்கலாமா?

ஓசூர் சிப்காட்டை ஒட்டி வாடகை ஷெட்டில் உலோகம் கடையும் கம்ப்யூட்டர் மெஷின்கள் மூன்று (இரண்டு விஎம்சி, ஒரு சிஎன்சி லேத்) வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெங்களூரு புரோக்கர் ஒருவர் 2,000 அலுமினியக் குழாய்களைக் கடைந்து தரச் சொல்கிறாராம். மெட்டீரியல் அவருடையது, கூலி வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். டிராயிங்கின் வலது கீழ் மூலையில் கம்பெனி பெயரும் பாகத்தின் பெயரும் இருக்கவேண்டிய கட்டம் மட்டும் வெள்ளை மை பூசி மறைக்கப்பட்டிருக்கிறது. கேட்டால், "எக்ஸ்போர்ட் சார், உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்கிறாராம். ஆயுதப் பாகமாக இருக்குமோ என்று வீட்டில் சந்தேகம். காலேஜ் படிக்கும் மகள், "எந்த ஊர்ல யார் தலையில விழப்போகுதோ, வேணாம்ப்பா" என்கிறாள். மச்சானோ, "நம்ம ராணுவத்துக்குன்னா புண்ணியம்தானே மாமா" என்கிறார். லைசென்ஸ் வேண்டுமா, எடுக்கலாமா?

இப்போதைக்கு எடுக்காதீர்கள். காரணம் அந்த வெள்ளை மைதான்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். ராணுவப் பயன்பாடு உள்ள பொருட்களுக்கும், ராணுவம், சாதாரணத் தொழில் இரண்டுக்கும் உதவும் பொருட்களுக்கும் 'ஸ்கோமெட்' என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல் இருக்கிறது. அதன் 6-ஆம் பிரிவு போர்த்தளவாடங்கள். அதற்கான அனுமதி பாதுகாப்பு உற்பத்தித் துறையிடம். மற்றவற்றில் பெரும்பாலானவை டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) கையில். ஏற்றுமதி செய்பவர்தான் அனுமதி வாங்க வேண்டும், உள்ளூரில் கடைந்து கொடுக்கும் நீங்கள் அல்ல. இதை மட்டும் கேட்டுவிட்டுப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 'ஆயுதம்', 'வெடிபொருள்' (அம்யூனிஷன்) என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் அவற்றின் பாகங்களும் அடங்கும். ராக்கெட், குண்டு எல்லாம் அதில் வரும். அங்கே கேள்வி ஏற்றுமதியைப் பற்றியது அல்ல, தயாரிப்பைப் பற்றியது. அப்புறம், 2005-ஆம் ஆண்டு பேரழிவு ஆயுதச் சட்டம். அணு, ரசாயன, உயிரியல் ஆயுதத்துக்கோ அதைச் சுமக்கும் ஏவுகணைக்கோ போகிறது என்று தெரிந்தே ஒரு பொருளை ஏற்றுமதி செய்தால், அந்தப் பொருள் பட்டியலில் இல்லாவிட்டாலும் குற்றம்.

வெறும் குழாய்தானே என்று நினைக்கலாம். 2001-இல் ஈராக்குக்குப் போகவிருந்த அலுமினியக் குழாய்கள் ஜோர்டானில் பிடிபட்டன. 7075 என்ற உறுதியான அலுமினிய அலாய், 81 மில்லிமீட்டர் விட்டம். யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்குத்தான் இவை என்றது அமெரிக்க உளவுத்துறை. 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் வைத்த வாதங்களில் ஒன்று நம் தொழில்காரர்களுக்கு நன்றாகப் புரியும்: சாதாரண ராக்கெட்டுக்கு யாராவது இவ்வளவு நெருக்கமான டாலரன்ஸ் (அளவு எவ்வளவு முன்பின் போகலாம் என்ற வரம்பு) போடுவார்களா? ஆனால் அமெரிக்காவின் எரிசக்தித் துறை வல்லுநர்களே, இது 81 எம்.எம். பீரங்கி ராக்கெட்டுக்கான குழாய் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். சர்வதேச அணுசக்தி முகமையும் பவலின் வாதத்தை ஏற்கவில்லை. மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது. போருக்குப் பிறகு ஈராக்கில் தேடிப் பார்த்த அமெரிக்க ஆய்வுக் குழுவின் 2004 அறிக்கையும் ராக்கெட் என்றுதான் முடித்தது. ராக்கெட் குறி தவறிக்கொண்டே இருந்ததால் டிராயிங்கில் டாலரன்ஸை இறுக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆர்டர் கொடுக்கும் இன்ஜினியர் பயத்தில் ஒரு சைபரைக் கூட்டிப் போடுவதை நாம் பார்க்காததா?

ஆக, குழாயைப் பார்த்து அது எங்கே போகிறது என்று நீங்களும் கண்டுபிடிக்க முடியாது, நானும் முடியாது. வாங்குபவர் பெயரும் பயன்பாடும் எழுத்தில் வேண்டும்.

மச்சான் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து முனையங்களில் ஓசூரும் ஒன்று. 2013-14-இல் 686 கோடி ரூபாயாக இருந்த நம் பாதுகாப்பு ஏற்றுமதி 2024-25-இல் 23,622 கோடி. ஆனால் ஒழுங்கான ராணுவ ஆர்டர் வந்தால் காகிதத்திலேயே மூழ்கடித்துவிடுவார்கள்: பார்ட் நம்பர், ரிவிஷன் நம்பர், மெட்டீரியல் டெஸ்ட் சர்டிஃபிகேட், இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட். காகிதமே இல்லாத ஆர்டரை ராணுவத்தின் தலையில் கட்டக் கூடாது.

மகளின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் தேடாதீர்கள். ஐ.நா. சாசனத்தின் 51-ஆவது பிரிவு தற்காப்பு உரிமையைத் தருகிறது. சண்டை போடும் இரண்டு பக்கமும் அதையேதான் நீட்டுகின்றன. ஆயுத வணிக ஒப்பந்தம் 2014-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா அதில் சேரவில்லை. இஸ்ரேலுக்கு ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை நம் உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை அரசின் வேலை என்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் நெதர்லாந்தின் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றமோ எஃப்-35 போர் விமானப் பாகங்களை இஸ்ரேலுக்கு அனுப்புவதை நிறுத்தச் சொன்னது. 2025 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, அரசையே மறுபரிசீலனை செய்யச் சொன்னது. நீதிமன்றங்களே இப்படி நிற்கும்போது, "நாம செய்யலைன்னா வேற ஒருத்தன் செய்வான்" என்ற சமாதானத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கஞ்சா விற்பவனும் அதைத்தான் சொல்கிறான்.

சரி, செய்யவேண்டியது: இறுதிப் பயனாளர் யார், எதற்கு, ஏற்றுமதியாளர் யார், ஆயுதப் பாகம் என்றால் உரிமத்தின் நகல் எங்கே என்று புரோக்கருக்கு மெயில் போடுங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள். ஒரு வாரம் பாருங்கள். பதில் வந்தால், ஸ்கோமெட் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுக்கலாம். வராவிட்டால் அட்வான்ஸை வங்கி வழியாகவே திருப்புங்கள். மெட்டீரியல் ஏற்கெனவே ஷெட்டில் இறங்கியிருந்தால் ஒரு பீஸ்கூட மெஷினில் ஏற்றாமல், எண்ணிக்கை எழுதிய டெலிவரி சலானோடு திருப்பி அனுப்பி, கையெழுத்துப் போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.