தேன் கேள்விகள்: தாண்டிக்குடித் தோட்டத்திலிருந்து

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். ஆப்பிள் சாறு 4 லிட்டர், தேன் அரை கிலோ, ஈஸ்ட் ஒரு பாக்கெட் சேர்த்து, மூன்றே வாரத்தில் தேன்மது செய்து படம் அனுப்பினான். இரண்டாம் முறை வேறு கடைச் சாறு வாங்கிப் போட்டானாம். பத்து நாளாகியும் ஒரு குமிழிகூட வரவில்லை என்கிறான். என்ன தவறு, அம்மா? இங்கே பிளம்ஸ் சீசனில் நானும் இதைச் செய்து பார்க்கலாமா?
வாசகி, கொடைக்கானல்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், சகோதரி. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். வீட்டுக்கென்று ஒரு ஜாடி போட்டாலும் அது தயாரிப்புதான். மலையில் சில கடைகளில் 'வீட்டு ஒயின்' கேட்டவுடன் கிடைப்பதைப் பார்த்து, இதற்கெல்லாம் விலக்கு உண்டு என்று பலர் நம்புகிறார்கள். கள் இறக்கவே தடை உள்ள மாநிலத்தில் பிளம்ஸ் மதுவுக்கு யார் விலக்கு கொடுப்பார்கள்? இங்கிலாந்தில் சட்டம் வேறு. அங்கே சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம், விற்கக் கூடாது. ஆகவே இனி எழுதுவது தம்பிக்கு.

புதிதாக வாங்கிய சாற்றின் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சோர்பேட் இரண்டில் ஒன்று இருந்தாலும் காரணம் அதுதான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் பதநீர். தடவ மறந்தால் விடிவதற்குள் கள். சுண்ணாம்பு அங்கே செய்கிற வேலையை இந்த உப்புகள் சாற்றில் செய்கின்றன. ஈஸ்டைப் பெருக விடுவதில்லை. அந்த ஜாடியோடு போராடாமல், இவை சேராத சாறாக வாங்கிப் புதிதாகத் தொடங்குவது நல்லது. சாற்றில் குறையில்லை என்றால் குளிரைச் சந்தேகிக்க வேண்டும். மார்கழி மாதத்துக் கொடைக்கானலில் இட்லி மாவு இரண்டு நாள் அசையாமல் கிடப்பது உங்களுக்குத் தெரியாததா? ஜாடி இருக்கும் இடம் 20 டிகிரியை ஒட்டி இருக்கட்டும்.

தேனையும் தண்ணீரையும் மட்டும் கலந்தால் மாதக்கணக்கில் இழுக்கிற வேலை, பழச்சாறு சேர்ந்தால் ஏன் சில வாரங்களில் முடிகிறது? தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. தின்னத் தீனி ஏராளம், ஆனால் ஈஸ்ட் பெருகுவதற்கு வேண்டிய நைட்ரஜன் அதில் சொற்பம். அந்தக் குறையைச் சாறு ஓரளவு தீர்த்துவைக்கிறது, கொஞ்சம் புளிப்பும் தருகிறது. தம்பியின் அளவுகளைக் கூட்டிப் பார்த்தேன். 4 லிட்டர் ஆப்பிள் சாற்றில் 400 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். அரை கிலோ தேனில் இன்னொரு 400 கிராம். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை முழுதாக நொதித்தால் சுமார் 1 சதவீதம் மது. அப்படியானால் அந்த ஜாடியில் கிட்டத்தட்ட 11 சதவீதம் வரும். பியரைப் போல இரண்டு மடங்கு. சாறுதானே என்று டம்ளர் டம்ளராகக் குடிக்க வேண்டாம் என்று, அம்மா சொன்னதாகவே சொல்லுங்கள்.

மூடியை இறுக்கி வைக்கவே கூடாது. மூடியில் துளையிட்டு ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் நிறைந்த டம்ளரில் அமிழ்த்த வேண்டும். வாயு குமிழ் குமிழாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. குமிழிகள் அடங்கி, அடியில் வண்டல் தங்கி, மேலே தெளிந்த பிறகுதான் பாட்டிலில் அடைப்பது. மூன்று வாரம் என்ற கணக்கை நம்பி, பாதி நொதித்ததை அடைத்தால் கண்ணாடி வெடித்துக் கண்ணைப் பதம் பார்க்கும்.

இன்னொன்று. மகன் கேட்டான் என்று நம் காப்பிப்பூத் தேனை இதற்காக அனுப்பிவிடாதீர்கள். பங்குனியில் மழை ஒன்று பெய்து, ஒன்பதாம் பத்தாம் நாள் தோட்டம் முழுக்க மல்லிகை போல வெள்ளையாகப் பூத்து, மூன்று நான்கு நாளில் வாடிவிடுகிற பூ அது. அத்தனை குறுகிய நாள்களில் தேனீ ஓடி ஓடிச் சேர்த்தது. நொதிக்கும்போது கிளம்புகிற வாயு அந்த வாசனையில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போய்விடும். இவ்வளவு விரைவில் முடிகிற பானத்துக்கு அங்கே கிடைக்கும் சாதாரணத் தேன் போதும்.

பேருக்கும் அயல்நாடு போக வேண்டியதில்லை. தெளிந்த மதுவுக்குத் தேறல் என்ற சொல் நம்மிடமே இருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் மலைக் குறவர்கள் நீண்ட மூங்கிலில் விளைந்த தேக்கள் தேறலை, அதாவது தேனால் ஆன கள்ளின் தெளிவை, சுற்றத்தோடு அருந்தி, தொண்டகப் பறை ஒலிக்கக் குரவை ஆடுகிறார்கள். தம்பிக்கு இதை எழுதுங்கள், மகிழ்வான்.

நீங்கள் செய்ய வேண்டியது: பிளம்ஸைக் கொட்டை நீக்கி வேகவைத்து, மசித்து வடிகட்டி, நன்றாக ஆறிய பின் தேன் சேர்த்து ஃபிரிஜில் வையுங்கள். சூட்டோடு தேனை ஊற்றினால் மணம் போய்விடும். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் கலந்து குடித்துவிடுங்கள்.

கேள்வி: தெரிந்தவரிடம் வாங்கிய மலைத்தேன், மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று சத்தமிட்டுப் பொங்குகிறது. கலப்படமா?
வாசகர், வத்தலக்குண்டு

பதில்: விற்றவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பொங்குவது கலப்படத்துக்குச் சாட்சியில்லை. தேனில் நீர் 20 சதவீதத்தைத் தாண்டினால், அதில் இயல்பாகவே இருக்கும் ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். ஈரக்காற்று வீசும் நம் மலைகளில் 22, 23 என்று வருவது சாதாரணம்.

எனக்கே நேர்ந்திருக்கிறது. ஒரு வருடம் மழை இறங்கப் போகிறதே என்ற பதற்றத்தில், மெழுகு பாதிகூட மூடாத அடைகளை எடுத்துப் பிழிந்து எவர்சில்வர் தூக்கில் ஊற்றி வைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் மூடி ஒருபக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது. விளிம்பைச் சுற்றி அரிசி கழுவிய நீர் நிறத்தில் நுரை. முகர்ந்தால் கனிந்து விழுந்த பேரிக்காயின் மணம். விரலால் நுரையை விலக்கினேன். அடியிலிருந்து கடுகளவுக் குமிழிகள், தேனின் கெட்டியில் சிக்கி, மெதுவாக, மிக மெதுவாக மேலே வந்துகொண்டிருந்தன. நாலு கிலோ. தேனீ இன்னும் விசிறி உலர்த்தி முடிக்காததை நான் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு, அடையில் முக்கால் பங்காவது மூடியிருந்தாலொழிய நான் கை வைப்பதில்லை.

உங்கள் பாட்டிலைத் திறந்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்துங்கள். தேன் 63 டிகிரியில் அரைமணி நேரம் இருந்தால் ஈஸ்ட் அடங்கிவிடும். நேரடித் தீயில் வைக்கவே கூடாது. லேசான புளிப்பு நிற்கும். பலகாரத்துக்குப் பயன்படுத்திச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

கேள்வி: பேரன் பிறந்து 40 நாள். சேனை வைக்கத் தேன் தடவலாமா?
வாசகி, பண்ணைக்காடு

பதில்: ஒரு வயது நிறையும்வரை ஒரு துளிகூட வேண்டாம். எவ்வளவு சுத்தமான தேனிலும் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிறு அதைத் தாங்கிக்கொள்ளும், பச்சிளங்குழந்தையின் குடல் தாங்காது. ஏற்கெனவே தடவியிருந்து, குழந்தை பால் குடிக்கச் சோம்பினாலோ, அழுகுரல் மெலிந்தாலோ, மலச்சிக்கல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள். தேன் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.