ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரியாத மூளைக் குறைபாடு: அடுத்த குழந்தைக்கு முன் என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு ஆறாம் மாதத்தில் வலிப்பு வந்தது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு 'லிசென்செஃபலி' என்றார்கள். கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் நார்மல் என்றுதான் இருந்தது. என் கணவர் எனக்கு அத்தை மகன். அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆகுமா?

பதில்: ஸ்கேன் பார்த்தவர் கவனக்குறைவாக இருந்தார் என்று எண்ண வேண்டியதில்லை. 20 வாரத்தில் எந்தச் சிசுவின் மூளையும் ஏறக்குறைய வழுவழுப்பாகத்தான் இருக்கும். மடிப்புகள் பெரும்பாலும் அதற்குப் பிறகே தெளிவாகின்றன. மூளையின் உட்புறத்தில் பிறக்கும் நரம்பணுக்கள், முக்கியமாக 12 முதல் 24 வாரங்களுக்குள், மேற்பரப்பை நோக்கி நகர்ந்து அடுக்கடுக்காக அமைய வேண்டும். அந்தப் பயணம் பாதியில் நின்றுபோனால், சில மில்லிமீட்டர் மட்டுமே இருக்க வேண்டிய புறணி (மூளையின் மேலடுக்கு) ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் தடித்து, மடிப்பின்றிப் போய்விடுகிறது, இதுவே லிசென்செஃபலி.

சொந்தத்தில் மணம் முடித்ததுதான் காரணம் என்று உறவினர்கள் சொல்லக்கூடும். அதை அப்படியே ஏற்க வேண்டாம். இந்நோயில் அதிகம் காணப்படும் லிஸ்1 மரபணு மாற்றம் பெரும்பாலும் குழந்தையிடம் புதிதாகத் தோன்றுவது. அதற்கும் உறவுமுறைக்கும் தொடர்பில்லை, மறுபடி வரும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆயினும் லிஸ்1 அமைந்துள்ள 17ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு பெற்றோரில் ஒருவரிடம் இடம் மாறி இருந்தால் வாய்ப்பு கூடும். எக்ஸ் குரோமோசோமில் உள்ள டிசிஎக்ஸ் மரபணுவின் பழுதைத் தாய் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படிச் சுமக்கும் தாய்க்கும் வலிப்பு வரக்கூடும்; ஆகவே உங்களுக்கே எப்போதாவது வலிப்பு வந்ததுண்டா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ரீலின் போன்ற மரபணுக்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வகையில்தான் உறவுமுறை பொருட்படுகிறது. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு.

எனவே அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே உங்கள் மகனின் இரத்தத்தில் மரபணுக் காரணத்தைக் கண்டறிந்துவிடுங்கள். சாதாரண குரோமோசோம் பரிசோதனை, குரோமோசோமில் சிறு துண்டுகள் இல்லாமல் போயிருப்பதைத் தவறவிடும். அத்தகைய சிறு இழப்புகளையும் காட்டும் மைக்ரோஅரே, அதில் விடை கிடைக்காவிட்டால் மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் எக்ஸோம் பரிசோதனை என்பதே உரிய வரிசை. காரணம் தெரிந்துவிட்டால் 11 முதல் 13 வாரங்களில் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 16 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ அதே மாற்றம் உள்ளதா என்று பார்க்கலாம். காரணம் தெரியாமல் ஸ்கேனை மட்டும் நம்பினால், சிசுவின் எம்.ஆர்.ஐ. உறுதியான விடை தருவதற்குள் 28 வாரம் கடந்துவிடக்கூடும். நம் நாட்டுச் சட்டப்படி 24 வாரத்துக்குப் பிறகு, கடுமையான சிசுக் குறைபாட்டுக்காகக் கருக்கலைப்பு செய்ய மாநில மருத்துவக் குழுவின் ஒப்புதல் தேவை. அந்த நிலைக்குப் போகாமல் தவிர்ப்பதற்காகவே முன்கூட்டிய பரிசோதனையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

மரபியல் ஆலோசகரிடம் செல்லும்போது எம்.ஆர்.ஐ. அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும் எடுத்துச் செல்லுங்கள். மூளையின் பின்பகுதி அதிகம் வழுவழுப்பாக இருந்தால் லிஸ்1 மீதும், முன்பகுதி என்றால் டிசிஎக்ஸ் மீதும் முதல் சந்தேகம் விழும். சிறுமூளை மிகச் சிறிதாக இருந்தால் ரீலினையும் சேர்த்துத் தேடுவார்கள்.