ஆயிரம் கோடி ஆட்டக்காரர்: வாசகர் கேள்வி – பதில்

ஏனுங்க, கால்பந்து ஆடுற பத்தொன்பது வயசுப் பையனுக்கு ஆயிரம் கோடி ரூபா குடுத்து வாங்குறாங்கன்னு டிவியில சொல்றாங்க. அவ்வளவுக்குத் தகுமுங்களா அந்தப் பையன்?
– பெருந்துறை வாசகர்

அந்த ஆயிரம் கோடி பையன் கைக்குப் போவதில்லை. ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகியதால் வரும் குழப்பம் இது. 2025 சீசனுக்கு நம் சின்னப்பம்பட்டி நடராஜனை டெல்லி அணி 10.75 கோடிக்கு எடுத்ததென்றால், அது அவருடைய சம்பளம். கால்பந்தில் ட்ரான்ஸ்ஃபர் தொகை என்பது, வாங்கும் கிளப் விற்கும் கிளப்புக்குக் கொடுப்பது. ஒப்பந்தம் முடியும் முன்பே ஆளை விடுவதற்கான ஈடு அது. சம்பளம் தனி, கையெழுத்துப் பணம் தனி, ஏஜென்ட் கமிஷன் அதற்கும் மேலே.

நீங்கள் சொல்லும் அளவு விலைக்கு நல்ல உதாரணம் ஜுவாவ் ஃபெலிக்ஸ். 2019-ல் 19 வயதில், போர்ச்சுகலின் லிஸ்பன் நகர கிளப்பான பென்ஃபிகாவின் முதல் அணியில் ஒரே ஒரு சீசன் ஆடிவிட்டு அட்லெட்டிகோ மாட்ரிட் போனார். விலை 12.6 கோடி யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ ஆயிரம் கோடி ரூபாய். ஒப்பந்தத்தில் எழுதியிருந்த விடுவிப்புத் தொகை (இதைக் கட்டினால் கிளப் ஆளை விட்டே ஆக வேண்டும்) 12 கோடிதான். மொத்தமாகக் கட்டாமல் தவணை கேட்டதற்கு மேலே 60 லட்சம் யூரோ. ஏன் கொடுத்தார்கள்? அணியின் முன்னணி ஆட்டக்காரர் கிரீஸ்மன் விலகுவதாக மே மாதமே சொல்லிவிட்டார். அவருக்காக பார்சிலோனா கட்டப்போகும் 12 கோடி ஊருக்கே தெரியும். வாங்க வந்தவர் மடியில் எவ்வளவு இருக்கிறதென்று தரகருக்குத் தெரிந்துவிட்டால், கன்னபுரம் மாட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசினாலும் விலை இறங்காது. லிஸ்பனிலும் அதே கதைதான்.

அதனால் ‘தகுமா’ என்ற கேள்வியை வாங்கியவரிடம் கேட்க வேண்டும். பின்னால் நின்று காத்து ஆடும் பயிற்சியாளர் சிமியோனியின் அட்லெட்டிகோ அணிக்கு, மைதானத்தில் திறந்த இடம் கிடைத்தால் மட்டுமே மினுக்கும் பையனை வாங்கியது கணக்குப் பிழை. செல்சிக்கும் பார்சிலோனாவுக்கும் இரவல் போனார். 2024-ல் செல்சிக்கே விற்றபோது போட்ட காசில் பாதிகூடத் திரும்பவில்லை. விலை வைத்தவர்கள் இரண்டு கிளப் நிர்வாகிகள். வசவு வாங்கியது பையன்.

விலையை எதை வைத்துப் போடுகிறார்கள்? கோல் கணக்கா, வயதா?
– ஆனைமலை விவசாயி

இரண்டுக்கும் முன்னால், ஒப்பந்தத்தில் எத்தனை வருடம் மீதி என்பது. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவரிடமிருந்து நடுவில் மாற்றி எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருடக் குத்தகை பாக்கியிருந்தால் அவர் கேட்கும் ஈடு ஒன்று. அடுத்த மாசியோடு முடிகிறதென்றால் காத்திருந்தாலே போதும். தோப்பு அதே தோப்புதான், காய்ப்பும் அதேதான்.

பிரான்சின் எம்பாப்பே 2018-ல் 18 கோடி யூரோ என்ற விலையில் பாரிஸ் அணிக்குச் சொந்தமானார். 2024-ல் ஒப்பந்தம் முடிந்ததும் ரியல் மாட்ரிட் போனார். பாரிஸுக்கு ட்ரான்ஸ்ஃபர் தொகையாக ஒரு யூரோகூட வரவில்லை. ஆட்டம் குறைந்துபோயிருந்ததா என்ன?

வயது இரண்டாவது. இருபது வயதுக்காரரை ஐந்து வருடம் வைத்து ஆடி, இருபத்தைந்தில் மறுபடி விற்கலாம். முப்பதில் வாங்கினால் அந்த வழி அடைபடும். அப்புறம்தான் கோல், ஆடும் இடம், காயத்தின் சரித்திரம் எல்லாம். செய்தியில் வரும் தொகையைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள்: அதில் ஒரு பகுதி நிச்சயம், மறு பகுதி நிபந்தனை. இத்தனை ஆட்டம் ஆடினால், கோப்பை வென்றால் என்று எழுதியிருக்கும். 2017-ல் டெம்பெலேவுக்கு பார்சிலோனா கொடுத்ததில் 10.5 கோடி யூரோ நிச்சயம், மற்றது நிபந்தனை. தலைப்புச் செய்தி இரண்டையும் கூட்டித்தான் போடும்.

அந்த டெம்பெலே, சேர்ந்த சில வாரங்களிலேயே தொடைத் தசைநார் கிழிந்து படுத்தார், அடுத்தடுத்தும் காயங்கள். 2023-ல் 5 கோடி யூரோவுக்குப் பாரிஸ் வாங்கியது. 2025-ல் உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் தோர் விருது! திறமையைப் பார்சிலோனா சரியாகத்தான் எடைபோட்டது. பலன் கைமாறிப் போயிற்று.

மெஷின் வாங்கினால் தேய்மானம் எழுதுகிறோம். ஆளை வாங்கினால் புத்தகத்தில் எப்படி எழுதுவார்கள்?
– பின்னலாடை நிறுவனக் கணக்காளர், திருப்பூர்

அதே மாதிரிதான். ஆட்டக்காரரின் பதிவுரிமை கண்ணுக்குத் தெரியாத சொத்து; வாங்கிய விலையை ஒப்பந்த வருடங்களால் சமமாக வகுத்து ஆண்டுதோறும் செலவு எழுதுவார்கள். 10 கோடி யூரோ, ஐந்து வருடம் என்றால் ஆண்டுக்கு 2 கோடி. இரண்டு வருடம் கழித்துப் புத்தக மதிப்பு 6 கோடி. அன்று 7 கோடிக்கு விற்றால் வாங்கியதைவிடக் குறைவுதான். ஆனாலும் புத்தகத்தில் 1 கோடி லாபம். 5 கோடிக்கு விற்றால் 1 கோடி நட்டம்.

இதில் செல்சி ஒரு சாமர்த்தியம் செய்தது. 2023 ஜனவரியில் என்ஸோ ஃபெர்னாண்டஸை 12.1 கோடி யூரோவுக்கு வாங்கி எட்டரை வருட ஒப்பந்தம் போட்டது. ஐந்தால் வகுத்தால் ஆண்டுச் செலவு 2.42 கோடி, எட்டரையால் வகுத்தால் 1.42 கோடி. அந்தக் கோடையிலேயே ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு, புது ஒப்பந்தங்களின் விலையை வகுக்க ஐந்து வருடமே உச்சவரம்பு என்று கதவைச் சாத்தியது; டிசம்பரில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கும் பின்தொடர்ந்தது. கணக்கில் சுமை குறைந்தாலும் சம்பளச் சுமை எட்டரை வருடத்துக்கும் உண்டு. ஆள் சோடை போனால், அதே சம்பளம் கொடுக்க வேறு கிளப் முன்வராது, அவரும் நகரமாட்டார். மெஷினுக்கு அந்தத் தொல்லை இல்லை.

கணக்காளரான உங்களுக்கு இன்னொரு கோணலும் பிடிபடும். சொந்த அகாடமியில் வளர்ந்த பையனுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம். விற்றால் வரும் பணம் முழுக்க லாபம். மூன்று ஆண்டில் 10.5 கோடி பவுண்டுக்கு மேல் (புதிதாக மேலே ஏறி வந்த அணிக்கு இன்னும் குறைவு) நட்டம் கூடாது என்ற பிரீமியர் லீக் விதியை மீறி, 2023-24 சீசனில் எவர்ட்டனும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் புள்ளிகளை இழந்தன. அதன்பின் ஆண்டுக் கணக்கு முடிக்கும் ஜூன் மாதம் வந்தால் வீட்டுப் பிள்ளைகளைத்தான் முதலில் விற்கப் பார்த்தார்கள். நட்டத்தைத் தடுக்க வந்த விதி, மண்ணின் மைந்தனைச் சந்தைக்கு ஓட்டியது.

எங்க பக்கம் தறிக்காரங்க முன்பணம் வாங்கியிருந்தா, புது ஓனரு அதைக் கட்டித்தான் ஆளைக் கூட்டிட்டுப் போவாரு. இதுவும் அதுதானுங்களா?
– பள்ளிபாளையம் வாசகர்

நெருங்கி வந்துவிட்டீர்கள். ஆனால் முன்பணம் தொழிலாளியின் தலையில் கடன். புது ஓனர் கட்டினாலும் அது இடம் மாறுமே தவிர தீராது. ட்ரான்ஸ்ஃபர் தொகை ஆட்டக்காரர் தலையில் ஏறாது. ஒப்பந்தம் முடிந்தால் அவர் சுதந்திரம்.

1995 வரை அந்தச் சுதந்திரமும் இல்லை. பெல்ஜியத்தின் ஜான்-மார்க் போஸ்மனுக்கு 1990-ல் லியேஜ் கிளப்புடன் ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சின் டன்கர்க் அணிக்குப் போக நினைத்தார். லியேஜ் விலை கேட்டு மறித்தது, சம்பளத்தையும் வெட்டியது. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரரை வேறு நாட்டு கிளப்புக்கு அனுப்ப விலை கேட்கக் கூடாது. இன்று இளைஞர்கள் வாங்கும் பெரிய சம்பளத்துக்கு வேர் அங்கேதான்.

நெய்மர் சாதனையை யாராவது முறியடிப்பார்களா?
– கல்லூரி மாணவர், கோபி

2017-ல் நெய்மருக்காக பார்சிலோனாவுக்கு பாரிஸ் கட்டிய 22.2 கோடி யூரோ இன்னும் உச்சிதான். பார்சிலோனாவின் இளம் ஆட்டக்காரர் லமீன் யமாலின் ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகையாக 100 கோடி யூரோ எழுதியிருப்பதை விலை என்று எண்ணாதீர்கள். ஸ்பெயினில் விடுவிப்புத் தொகை எழுதுவது வழக்கம்; யாரும் தாண்டக்கூடாதென்று வைத்த வேலி அது.

2019-ல் சென்னை சிட்டி அணி கோவை நேரு ஸ்டேடியத்தில் ஐ-லீக் பட்டம் வென்றதைப் பார்த்து ஆட வந்த பையன்கள் என்னிடம் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் நாளை வெளிநாடு போனால் சொல்லிக்கொடுத்த கிளப்புக்கு ஏதாவது வருமா?
– பயிற்சியாளர், கோவை

வரும், தாள் சரியாக இருந்தால். ஒப்பந்தம் முடியும் முன் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விற்கப்பட்டால், தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்பது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வரை ஒவ்வொரு வருடத்துக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை வருடத்துக்கு 0.5. அந்த முதல் நாலு வருடமும் உங்களிடம் இருந்த பையன் 20 லட்சம் யூரோவுக்கு விலைபோனால், உங்கள் பங்கு ஒரு சதவீதம்: 20,000 யூரோ, ஏறத்தாழ 20 லட்சம் ரூபாய். இலவசமாக இடம் மாறினால் இந்தப் பங்கு கிடையாது. எம்பாப்பேயின் 2024 மாற்றத்தில் அவர் சிறுவயதில் ஆடிய போன்டி கிளப்புக்கும் பங்கு இல்லாமல் போனது அதனால்தான்.

கோட்டை விடுவது பெரும்பாலும் பதிவில். பன்னிரண்டு வயது ஆனதும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் இணையப் பதிவில் பையனை உங்கள் கிளப் பெயரில் ஏற்றுங்கள். அமெச்சூர் பதிவே போதும். சேர்ந்த தேதி, விலகிய தேதி இரண்டும் இருக்க வேண்டும். பங்கு நாள்கணக்கில் பிரியும். பள்ளி அணிக்கு ஆடியது மட்டும் கணக்கில் வராது. பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் ஒரே தேதி, ஒரே எழுத்துக்கூட்டல் இருக்கட்டும். இனிஷியலை ஓரிடத்தில் முன்னாலும் ஓரிடத்தில் விரித்தும் எழுதுவது நம் ஊரில் சகஜம்; தாள் அங்கேதான் சிக்கும்.

பெற்றோரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 18 வயதுக்கு முன் நாடு விட்டு நாடு பதிவு மாற்றுவதை ஃபிஃபா தடுத்திருக்கிறது. விலக்குகள் மிகச் சில. ஐரோப்பாவுக்குள்ளேயே மாறும் 16, 17 வயதினருக்கான விலக்கு நம் பையன்களுக்குப் பொருந்தாது. பதினாறு வயதில் ஐரோப்பிய கிளப்பில் சேர்த்துவிடுகிறேன், ட்ரையலுக்கு ஐந்து லட்சம் கட்டுங்கள் என்று ஒருவர் வந்தால், அவருடைய ஃபிஃபா உரிமத்தையும் கிளப்பிலிருந்து நேரடியாக வந்த அழைப்புக் கடிதத்தையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் காசைக் கண்ணில் காட்ட வேண்டாம்.