என் பிறந்த நாளின் பங்காளிகள்

பிறந்த நாளை யாரோடு பகிர்ந்துகொள்கிறீர்கள், அதே தேதியில் வேறு என்ன நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு டிசம்பர் 11.

பாரதியார் பிறந்த நாள். சின்ன வயதில் இதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. மற்ற பிள்ளைகள் கலர் டிரஸ்ஸில் வந்து சாக்லேட் கொடுப்பார்கள். என்னை மட்டும் முண்டாசு கட்டி, கண்மையால் மீசை வரைந்து மேடையேற்றிவிடுவார்கள். அந்த மீசையோடுதான் வகுப்பு வகுப்பாகச் சாக்லேட் கொடுத்திருக்கிறேன்.

1969இல் மயிலாடுதுறையில் பிறந்த விஸ்வநாதன் ஆனந்தும் நம்ம ஆள்தான். 1988இல் இந்தியாவின் முதல் செஸ் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். இந்தி நடிகர் திலீப் குமார் (1922), காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த ராபர்ட் கோக் (1843), பிரணாப் முகர்ஜி (1935) என்று பட்டியல் நீளும். 2004இல் எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்ததும் இதே தேதியில். காலையில் பாரதி விழா, மாலையில் எம்.எஸ். நினைவஞ்சலி என்று ஒரே நாளில் இரண்டுக்கும் போனதுண்டு.

யுனிசெஃப் தொடங்கியது (1946), புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்தும் கியோட்டோ ஒப்பந்தம் ஏற்கப்பட்டது (1997) எல்லாம் இதே தேதியில்தான். ஆனால் எனக்குப் பிடித்தது அப்போலோ 17. 1972 டிசம்பர் 11 அன்று யூஜின் செர்னனும் ஹாரிசன் ஷ்மிட்டும் நிலாவில் இறங்கினார்கள். ஷ்மிட் நிலவியல் படித்த விஞ்ஞானி. மூன்று நாள் தங்கிக் கல்லும் மண்ணுமாக 110 கிலோ அள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். அதற்குப் பிறகு இதுவரை யாரும் அங்கே காலடி வைக்கவில்லை.

இதில் ஒரு சிக்கல். அவர்கள் இறங்கியபோது நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 1.24 மணி. அதாவது நமக்கு டிசம்பர் 12! ரஜினி ரசிகனான என் தம்பி இதைச் சொல்லியே வெறுப்பேற்றுவான். 2024இல் உலக செஸ் சாம்பியன் பட்டத்துக்காக குகேஷ் விளையாடியபோதும் இதே கதை. 11ஆம் தேதி நடந்த 13ஆவது ஆட்டம் டிரா. ஆனந்தின் பிறந்த நாளில் பட்டம் வந்துவிடாதா என்று காத்திருந்தேன். 12ஆம் தேதி, ரஜினி பிறந்த நாளில், ஜெயித்துக் கொடுத்தார்.

பாரதியே தமிழ்க் கணக்கில் சித்திரபானு வருடம் கார்த்திகை 27, மூல நட்சத்திரம். இப்போதெல்லாம் கார்த்திகை 27 டிசம்பர் 12 அல்லது 13இல்தான் வருகிறது. என் அம்மாவுக்கு இந்த ஆங்கிலத் தேதியெல்லாம் கணக்கே இல்லை. கார்த்திகையில் என் நட்சத்திரம் என்றைக்கு வருகிறது என்று காலண்டரில் பார்த்து அன்றைக்குத்தான் பாயசம் வைப்பார். 11ஆம் தேதி சாதாரண சாம்பார்தான்.